அது சாயம் இல்லை, சரவணா

சரவணா,

போனில் நீ என்னைப் பேசவே விட மாட்டாய். நான் தொண்டையைச் செருமினாலே, "விடும்மா, நீ ஒண்ணும் தப்பு பண்ணல" என்று ஆரம்பித்துவிடுவாய். போன வாரமும் அப்படித்தான் ஆனது. ஆறுதல் சொல்லிக்கொண்டே இருக்கும் பிள்ளையிடம் உண்மையைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. அதனால் எழுதுகிறேன். ஸ்ரீபெரும்புதூரில் உன்னோடு அறையில் தங்கியிருக்கும் பையன்கள் இதைப் படித்தாலும் பரவாயில்லை. நான் சொன்ன பொய் தெருவுக்கே கேட்டது. இதை மட்டும் எதற்கு ஒளித்து வைக்க வேண்டும்?

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யமுனாவின் அப்பா நெய்த கூறைப் புடவையில் சாயம் போகவில்லை. அவர் யாரையும் ஏமாற்றவும் இல்லை. அந்தச் சிவப்பை உண்டாக்கியது நான்.

அன்று நீ வேலை முடிந்து வருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. நீ தெரிந்துகொண்டதெல்லாம் என் வாயால் கேட்டதுதான். இப்போது நடந்ததை நடந்தபடி கேள். கூறைப் புடவை மாப்பிள்ளை வீட்டிலிருந்து போக வேண்டியது என்பதால் பட்டும் ஜரிகையும் நாம் வாங்கிக் கொடுத்தோம். மகள் மணையில் உட்காரும் புடவையைத் தன் தறியில் தானே நெய்ய வேண்டும் என்று யமுனாவின் அப்பா ஏகாம்பரம் ஆசைப்பட்டார். நெய்து முடித்து நம்மிடம் தருவார், நாம் மஞ்சள் வைத்து முகூர்த்தத்தன்று யமுனாவிடம் கொடுப்போம் என்பது பேச்சு. அதன்படி அன்று காலை அவரும் அவர் மனைவியும் தாம்பாளத்தில் புடவையோடு வந்தார்கள். சந்தன நிற உடல், அரக்குக் கரை. கூடத்தில் விரித்தபோது உன் அத்தை பங்கஜம்கூடக் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தாள் என்றால் பார்த்துக்கொள்.

புதுத்துணி என்றால் மூலையில் மஞ்சள் வைக்காமல் நம் வீட்டில் யாரும் உடுத்துவதில்லை. நான் குழைத்த மஞ்சளில் தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது. கடைசி மூலையில் வைக்கும்போது விரலிலிருந்து வழிந்து, கரையை ஒட்டிச் சந்தன நிறத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அப்படியே விட்டிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எழுத்துப் பிழை வந்தால் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிற பெண்ணாக வளர்ந்தவள் நான். என்னால் விட முடியவில்லை. "உள்ள சாமிகிட்ட வெச்சிட்டு வரேன்" என்று சொல்லிப் புடவையைப் பின்பக்கக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். துணி சோப்பில் ஈர விரலைத் தேய்த்து அந்தச் சொட்டின் மேல் அழுத்தித் துடைத்தேன். காஞ்சிபுரத்தில் வாழ்க்கைப்பட்டு, புதுப் பட்டில் துணி சோப்பு வைத்த ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன். துடைக்கத் துடைக்க அந்த இடம் சிவந்துகொண்டே போனது. கை அகலத்துக்குச் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது.

கூடத்துக்கு எடுத்து வந்தேன். பங்கஜம்தான் முதலில் பார்த்தாள்.

"இன்னா அண்ணி இது? ரத்தம் மாதிரி இருக்குது!"

"சாயம் போவுது" என்றேன்.

ஏகாம்பரம் எழுந்து வந்தார். "சாயமா? எங்க, காட்டுங்க சம்பந்திமா." வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல இன்னா பட்டுது?"

சரவணா, அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்தான் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது. சோப்பு என்று சொன்னால் சிரிப்பார்கள். பட்டுக்குச் சோப்பு ஆகாது என்பது இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். நெசவுக்காரர் முன்னால், உன் அத்தை முன்னால், டியூஷன் டீச்சரான நான் அப்படிச் செய்தேன் என்று தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

"தண்ணிதான். வெறும் தண்ணி பட்டுது."

"தண்ணிக்கா? தண்ணிக்குப் போவாதுமா. சாயம் போடறப்ப நானே பட்டறையில நின்னுக்கினு இருந்தேன்."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

சம்பந்தி ஆகப்போகிற வீட்டுப் பெண்ணைப் பொய்க்காரி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பங்கஜத்துக்கு அந்தச் சிரமமெல்லாம் கிடையாது. "சொந்தப் பொண்ணுக்கு நெய்யறதே இப்டின்னா, ஊருக்கு நெய்யறது எப்டி இருக்கும்பா!" என்றாள், வாசலைத் தாண்டிக் கேட்கும்படி. எதிர்வீட்டுப் பெண்கள் படியில் வந்து நின்றுவிட்டார்கள். யமுனாவின் அம்மா, "வாய அளந்து பேசுங்கம்மா, அவரு எத்தினி வருசமா நெய்யறாருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கிளம்பினாள். அவர்தான் அவளைத் தடுத்தார். "நீ வா, போலாம்." புடவையை மடித்து எடுத்துக்கொண்டார். "வேற நெய்து தரேம்மா" என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். நான் காலையில் கரைத்து வைத்திருந்த ஆரத்தி அப்படியே தட்டில் இருந்தது. யாருக்கும் அதைச் சுற்றத் தோன்றவில்லை.

சாயங்காலம் நீ வந்தாய். நான் சொன்னேன். நீ உடனே யமுனாவைப் போனில் கூப்பிட்டு, சொந்த மகளுக்கே உங்கப்பா மட்டமான சாயம் போட்டிருக்கிறார் என்றாய். அவள் குரல் அடுப்படி வரைக்கும் கேட்டது: "பொடவைய நீ பாத்தியா? எங்கப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" நீ சொன்னாய்: "எங்கம்மா பாத்தாங்க. போதும்."

அந்த "போதும்" காதில் விழுந்தபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் முழுவதும் பொய்யாகிவிடும். உன் கல்யாணம் உடையப்போகிற சத்தம் அது என்று புரிந்தும், ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முசரவாக்கத்தில் என் அண்ணன் மகளை உனக்கு என்று நானும் என் அண்ணியும் மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தோம். கம்பெனி பஸ்ஸில் பார்த்த பெண்ணைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நீ வந்து நின்றபோது சரி என்றேன், சிரித்தேன், பூ வைத்துவிட்டு வந்தேன். ஆனால் அவர்கள் வீட்டில் ஏதாவது ஒரு குறை அகப்படாதா என்று எனக்குள்ளே ஒருத்தி தேடிக்கொண்டே இருந்திருக்கிறாள். குறை என் கையாலேயே வந்து விழுந்ததும் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

என் வார்த்தையை அப்படியே நம்பும்படி உன்னை வளர்த்தவளும் நான்தான். நீ எட்டாவது படிக்கும்போது, தெருப்பிள்ளைகளுக்கு நான் டியூஷன் எடுக்கையில் நீயும் சுவரோரமாக உட்கார்ந்திருப்பாய். அன்று பாடம் இயற்பியல் மாற்றமும் வேதியியல் மாற்றமும். சுலபமாக மனசில் நிற்கட்டும் என்று நான் ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுத்தேன்: பழையபடி திரும்பி வந்தால் இயற்பியல் மாற்றம், வராவிட்டால் வேதியியல் மாற்றம். ஐஸ் உருகினால் மறுபடி உறைய வைக்கலாம், நெய்யும் அப்படித்தான். விறகு எரிந்து சாம்பலானால் சாம்பல் விறகாகாது. நீ ஒரு காகிதத்தை எடுத்து நடுவில் கிழித்தாய். "இதுகூடத் திரும்பி வராதும்மா. அப்போ இது வேதியியல் மாற்றமா?" என்றாய். பிள்ளைகள் சிரித்தார்கள். நான், "அதிகப்பிரசங்கி, சொன்னத எழுது" என்றேன்.

நீ கேட்டது சரியான கேள்வி. கிழிந்த காகிதம் காகிதம்தான். துண்டு துண்டாகக் கிழித்தாலும் ஒவ்வொரு துண்டும் காகிதமாகவே இருக்கும். வேறு பொருள் எதுவும் அங்கே பிறக்கவில்லை. திரும்பி வருகிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. முன்னால் இல்லாத புதுப் பொருள் ஒன்று உண்டாகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. கற்பூரத்தைத் தட்டில் திறந்து வைத்தால் தானாகக் கரைந்து காணாமல் போகிறது. அது காற்றில் கற்பூரமாகவே இருக்கிறது, வாசனை வருகிறதே. அதே கற்பூரத்தைத் தட்டில் கொளுத்தினால் அங்கே கற்பூரம் இல்லை, புகையும் கரியும் என்று வேறு பொருள்கள். இரண்டிலும் கடைசியில் தட்டு காலியாகத்தான் இருக்கிறது. பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பது நடப்பில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இதெல்லாம் அன்றே எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் கை தூக்குகிற பெண் நான். தவறாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லிப் பழகவே இல்லை. நீ பரீட்சையில் என் குறுக்குவழியையே எழுதி மார்க்கும் வாங்கி வந்தாய். அதற்குப் பிறகு என் எதிரில் நீ எதையும் கிழித்துக் காட்டவில்லை. அதை நான் பணிவு என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

எனக்கு உண்மை தெரிந்தது மறுநாள். மஞ்சள் குழைத்த கையைத் துடைத்த வெள்ளைத் துண்டைத் துவைக்க எடுத்தேன். சோப்பு பட்டதும் மஞ்சள் பட்ட இடமெல்லாம் சிவந்தது. அதே சிவப்பு. அந்தத் துண்டில் அரக்குக் கரை இல்லை, சாயம் எதுவும் இல்லை. நான் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு குழாயைத் திறந்தபடியே நின்றிருந்தேன். உன் அப்பா வந்து, "தண்ணி போய்க்கினே இருக்குது, நீ இன்னா கனவு காண்ற?" என்று மூடிவிட்டுப் போனார். அடுப்படியில் கிடந்த அரை எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து பிழிந்தேன். சிவப்பு மறைந்து மஞ்சள் வந்தது. என் குறுக்குவழிப்படி, திரும்பி வந்துவிட்டதால் இது இயற்பியல் மாற்றமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மஞ்சளும் சோப்பும் சேர்ந்து வேறொன்றாகி, எலுமிச்சை சேர்ந்ததும் மறுபடி மாறுகிறது. அது வேதியியல் மாற்றம்தான். வருஷா வருஷம் மஞ்சள் தடவிய காகிதத்தில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறவள் நான். அதுகூடப் பரவாயில்லை. அன்று காலையில் ஆரத்தி கரைத்தது யார்? மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டதும் சிவந்ததே, அதை நான்தானே தட்டில் ஊற்றினேன்? அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொரு பெண்ணும் நூறு ஆரத்தி கரைத்தவள். ஒருத்திக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் நான் தண்ணீர் என்று சொல்லிவிட்டேன்.

சாயம் போவது என்றால் என்ன? அரக்கு அரக்காகவே நூலை விட்டுக் கிளம்பிப் பக்கத்து நூலில் போய் உட்காருவது. பொருள் மாறவில்லை, இடம்தான் மாறியது. அது நெய்தவரின் குறை, சாயம் போட்டவரின் குறை. புதிதாக ஒரு நிறம் பிறந்தது என்றால் கேட்க வேண்டியது வேறு: இதில் யார் எதைச் சேர்த்தார்கள்? ஒரு வெள்ளைத் துணியை நனைத்து அந்த அரக்குக் கரையில் அழுத்திப் பார்த்திருந்தால் போதும். துணி வெள்ளையாகவே இருந்திருக்கும். நான் அதைச் செய்யவில்லை. எனக்கு அது சாயமாக இருக்க வேண்டியிருந்தது.

தெரிந்த பிறகும் நான் பல நாள் பேசாமல் இருந்தேன். உன்னிடம் இதைச் சொல்ல வெட்கப்பட்டதுபோல் வேறு எதற்கும் நான் வெட்கப்பட்டதில்லை. தன் அப்பாவிடம் நீ மன்னிப்புக் கேட்காதவரை கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று யமுனா சொன்னதும், நீ "சரி, வேணாம்" என்று பையை எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் அறைக்குப் போனதும் என் கண் முன்னால் நடந்தன. அப்போதும் சொல்லவில்லை. என் அண்ணி போன் செய்து, "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றாள். நான் "உம்" என்றேன்.

பிறகு ஒருநாள் உன் அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்: "ஏகாம்பரத்துக்கு அடுத்த பாவு தரலயாம். சாயம் போவுதுன்னு முதலாளி காதுல யாரோ போட்டுட்டாங்களாம். தறி சும்மா நிக்குது." முதலாளி கொடுக்கிற பாவு வராவிட்டால் தறியில் ஏற்ற நூல் இல்லை, வேலை இல்லை. நான் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் குழம்பிலேயே விட்டுவிட்டேன். அந்த இடத்திலேயே உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. சாப்பிட்டு முடித்தார், கை கழுவினார், "எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது? போ" என்றார்.

போனேன். தறி நிஜமாகவே சத்தமில்லாமல் இருந்தது. யமுனா லீவு போட்டு வீட்டில் இருந்தாள். உட்காரச் சொன்னார்கள், நான் நின்றபடியே சொன்னேன். சோப்பு என்ற வார்த்தையைச் சொன்னதும் யமுனாவின் அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். "பட்டுலயா? எங்க வூட்டு கொயந்தகூடப் போடாதேம்மா!" ஏகாம்பரம் மன்னித்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். வயதானவர்கள் அப்படித்தான் முடிப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. அவர் சொன்னது இதுதான்:

"அன்னிக்குத் தெருவுக்கே கேக்கச் சொன்னீங்க. இன்னிக்கு எங்க காதுல மட்டும் சொன்னா எப்டிமா?"

நியாயம்தானே. அவரையும் கூட்டிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போய் அவர் முன்னாலேயே சொன்னேன். முதலாளி புடவையைக் கொண்டுவரச் சொல்லி, என்னையே எலுமிச்சை தொட்டு வைக்கச் சொன்னார். வைத்தேன். சிவப்பு போய் மஞ்சளாக நின்றது. "பாவு நாளைக்கு எடுத்துக்கினு போ ஏகாம்பரம்" என்றார். அங்கிருந்து நம் தெருவுக்கு வந்து எதிர்வீட்டில் சொன்னேன், பக்கத்து வீட்டில் சொன்னேன். பங்கஜத்திடம் சொன்னதும், "அண்ணி, நீ என் வாயால அந்த மனுசனத் திட்ட வெச்சிட்டியே" என்று அழுதுவிட்டு, மறுநாளே அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். இப்போது தெருவில் என் பெயர் சோப்பு டீச்சர். கடைக்குப் போனால், "இன்னா டீச்சர், மஞ்சத் தூள் மட்டும் போதுமா, சோப்பும் சேத்துக் கட்டவா?" என்கிறார்கள். டியூஷன் பிள்ளைகள் புத்தகத்தில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களிடமும் என் குறுக்குவழி தப்பு என்று சொல்லிவிட்டேன்.

பாவு கிடைத்துவிட்டது, பேச்சும் அடங்கிவிட்டது. மிச்சம் இருப்பது யமுனா. அன்று அவள் வீட்டிலிருந்து நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். பூ வைத்த நாளிலிருந்து அத்தை என்று கூப்பிட்டவள், அன்று கூப்பிடவில்லை. "நீங்க பேசினதுக்கு நீங்க வந்துட்டீங்க. அவரு பேசினதுக்கு அவருதான் வரணும்" என்றாள். நான் உடனே, "இன்னிக்கே வரச் சொல்றேம்மா" என்றேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "நீங்க சொல்லி வரதா இருந்தா வாணாம். அம்மா சொன்னாங்கன்னு அன்னிக்கு எங்கப்பாவத் திட்டினாரு. அம்மா சொன்னாங்கன்னு இன்னிக்கு மன்னிப்புக் கேட்டா, நாளைக்கு எனக்கு இன்னா கதி?"

வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அதனால் போ என்று உன்னிடம் நான் சொல்லப்போவதில்லை. நான் செய்ததை மட்டும் சொன்னேன். நீ செய்ததை நீதான் பார்க்க வேண்டும். உன் வார்த்தைக்கு என் பொய் காரணம்தான், ஆனாலும் ஒரு வார்த்தை கேட்காமல் பேசியது உன் வாய். அவள் உனக்கு வேண்டுமா, அவள் கேட்ட கேள்விக்கு உன்னிடம் பதில் இருக்கிறதா என்று என்னைக் கேட்காமல் முடிவு செய். இதையும் நான் எழுதியதற்காக அப்படியே நம்ப வேண்டாம். ஏகாம்பரத்திடம் கேள், அந்தப் புடவையைக் கையில் வாங்கிப் பார்.

ஒருவேளை நீ வந்தால், பஸ்ஸை விட்டு இறங்கி அவர்கள் தெருவுக்குப் போக நம் வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். நான் வாசலில் நிற்க மாட்டேன், கதவைச் சாத்தி வைத்திருப்பேன். தட்டாதே, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதே. நேராகப் போ.

அம்மா